பழைய வெர்ஷனின் அருளால்

சர்வர் பாதுகாப்பு என்ற பெயரில் சம்பளம் வாங்கும் இத்தனை வருடங்களில், நான் உள்ளே விடாமல் தடுத்து நிறுத்திய ஆட்களில் முதலிடம் எனக்கு. இரண்டாமிடம் என் அலுவலகத்துக்கு. ரஷ்யா, சீனா, வட கொரியா என்று மீட்டிங்குகளில் நான் வாய் வலிக்கப் பேசிய எதிரிகளெல்லாம் அதற்கப்புறம்தான். அவர்கள் நிஜமாகவே வந்தார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை. லினக்ஸ், என்ஜின்எக்ஸ், போஸ்ட்கிரஸ், ஓப்பன்எஸ்எஸ்எச் என்று யாரும் காசு கொடுத்து வாங்காத மென்பொருள்களை, காசு வாங்கிக்கொண்டு காவல் காக்கிறேன். சொந்தக்காரர்கள் கேட்டால் ‘கம்ப்யூட்டர் செக்யூரிட்டி’ என்று சொல்வேன். ‘செக்யூரிட்டி’ மட்டும் காதில் விழுந்த பெரியப்பா ஒருவர், நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஆகாதே என்று வருத்தப்பட்டார். நைட் ஷிஃப்ட் விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.

முதலில் ஃபயர்வால் கதை. மும்பையில் இருக்கும் டேட்டா சென்டர் ஒன்றில் புது சர்வர் எடுத்திருந்தோம். வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் மறு என்பது முதல் கட்டளை. அடுத்து, 22ஆம் போர்ட்டை மட்டும் திற என்று சொல்ல வேண்டும். எஸ்எஸ்எச் வழியாக நாம் உள்ளே போகிற வாசல் அது. (1995இல் ஃபின்லாந்தில் டாட்டு யூலோனன் எஸ்எஸ்எச்சை எழுதியபோது, எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவில் காலியாகக் கிடந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் பயிற்சி வகுப்புகளில் பெருமையாகச் சொல்வேன்.) அந்தக் கட்டளையை மறந்துவிட்டு நேராக ஃபயர்வாலை இயக்கினேன். ‘எஸ்எஸ்எச் இணைப்புகள் பாதிக்கப்படலாம், தொடரவா?’ என்று அது கேட்கவும் செய்தது. இந்த மாதிரிக் கேள்விகளைப் படிக்காமலே ‘ஒய்’ அடித்துப் பழகிய விரல் எனக்கு.

இதில் கொடுமை என்னவென்றால், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை அது அறுக்காது. எல்லாம் நன்றாகவே ஓடியது. மிச்ச வேலைகளையும் முடித்து, ‘சர்வர் பாதுகாக்கப்பட்டது’ என்று மெயில் போட்டுவிட்டு, லாக் அவுட் செய்து டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மெயிலில் எழுதியது முழு உண்மையாகியிருந்தது.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான் கிளவுட் கம்பெனிக்காரர்கள் பிரவுசரிலேயே ஒரு கன்சோல் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது பாஸ்வேர்டு கேட்கும். எங்கள் சர்வர்களில் யாருக்கும் பாஸ்வேர்டு கிடையாது, சாவிக் கோப்பு மட்டும்தான். அந்த முடிவை எடுத்தவனும், எதிர்த்துப் பேசியவர்களைப் பத்தாம்பசலிகள் என்று சொன்னவனும் நான்தான். கடைசியில் சர்வரை நிறுத்தி, அதன் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு சர்வரில் மாட்டி, ஒரு கோப்பில் ‘யெஸ்’ என்று இருந்ததை ‘நோ’ என்று மாற்றி, மறுபடி இடம் மாற்றிப் பொருத்தினேன். எதிரி ஒருவன் இவ்வளவு பாடுபட்டு உள்ளே வந்திருந்தால் அவனுக்கு ஒரு சல்யூட் வைத்திருப்பேன்.

இதற்குப் பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஃபயர்வாலில் கை வைப்பதற்கு முன்னால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் தானாக அணைக்கும்படி கிரான் என்ற நேர அட்டவணையில் ஒரு வரி போட்டுவிட வேண்டும். மாட்டிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் கதவு திறந்துவிடும். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். அடுத்த சர்வரில் நானும் அந்த வரியைப் போட்டேன். வேலை அருமையாக முடிந்தது. கிரானை மறந்துவிட்டேன்.

மாதக்கணக்கில் அந்த சர்வரின் ஃபயர்வால் எனக்கு அடங்கி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. அது அணைந்தே கிடந்தது என்பதுதான் உண்மை. ஏற்கெனவே அணைந்ததைத்தான் மீண்டும் மீண்டும் அணைத்துக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தவன் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த ஒரு பையன். “அண்ணா, இது ஏதாவது ஸ்பெஷல் செட்டிங்கா?” என்று பவ்யமாகக் கேட்டான். எனக்குத் தெரியாமல் எதுவும் இருக்காது என்று நம்பிய அந்த முகத்தைப் பார்த்து, “டெஸ்டிங் போயிட்டிருக்கு, நான் எடுத்துடறேன்” என்றேன். அவன் இன்னும் என்னோடுதான் இருக்கிறான். அந்த நம்பிக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுபோனது.

ஃபெயில்2பேன் விஷயம் இதைவிடப் பெரிது.

பைதானில் எழுதப்பட்ட சின்ன மென்பொருள் அது. சர்வரின் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரே ஐபி முகவரியிலிருந்து யாராவது திரும்பத் திரும்பத் தப்பாக நுழையப் பார்த்தால் அந்த முகவரியைத் தடுத்துவிடும். இயல்பாக அது வைத்திருக்கும் தண்டனை பத்து நிமிடம். பத்து நிமிடம் என்ன தண்டனை, எல்கேஜி குழந்தையை மூலையில் நிற்க வைப்பதா என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் ‘-1’ என்று போட்டேன். ஆயுள் தண்டனை என்று அர்த்தம்.

அதே வாரத்தில் வீட்டைச் சுத்தம் செய்கிற உற்சாகத்தோடு, பழைய பயனர் கணக்குகளையும் நீக்கினேன். அதில் ஒன்று நானே எப்போதோ உருவாக்கிய பேக்கப் கணக்கு. அலுவலகத்தில் என் மேஜைக்குக் கீழே, ஃபேன் சத்தத்தோடு தூசி தின்றுகொண்டிருந்த பழைய லேப்டாப்பில் ஒரு ஸ்கிரிப்ட், அந்தக் கணக்கின் பெயரில் சர்வரைத் தட்டிக்கொண்டே இருந்தது. ஃபெயில்2பேன் தன் கடமையைச் செய்தது. ஆனால் வெளியுலகத்தைப் பொறுத்தவரை எங்கள் அலுவலகம் முழுவதற்கும் ஒரே ஐபி முகவரிதான். லேப்டாப்பைத் தடுத்தபோது மொத்த மாடியும் சேர்ந்து தடைபட்டது.

டெவலப்பர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். “சர்வர் டவுனா ஜி?” என் வீட்டு இணைப்பிலிருந்தும் மொபைல் டேட்டாவிலிருந்தும் சர்வர் ஜம்மென்று திறந்தது. அலுவலகத்திலிருந்து மட்டும் இல்லை. பதிவேட்டைத் திறந்தேன். ஒரே ஒரு முகவரியிலிருந்து, இல்லாத பயனர் ஒருவரின் பெயரில், நிமிடந்தோறும் விடாமல் முயற்சி. முகவரி எந்த ஊர் என்று பார்த்தேன். சென்னை!

உடம்பு சிலிர்த்தது. இத்தனை காலமும் தூர தேசத்து ரோபோக்கள் போகிற போக்கில் கதவைத் தட்டிப் பார்த்ததைத்தான் கண்டிருக்கிறேன். இது உள்ளூர்க்காரன் வேலை. அதுவும் எங்கள் பேக்கப் கணக்கின் பெயர் தெரிந்த உள்ளூர்க்காரன். யாரோ வேலையை விட்டுப் போன ஆள்தான் என்று முடிவுகட்டி, ஒன்றிரண்டு முகங்களைக்கூட மனசுக்குள் தேர்ந்தெடுத்துவிட்டேன். நிர்வாகத்துக்கு மெயில் எழுதினேன். ‘எங்கள் கட்டமைப்பை நன்கு அறிந்த ஒருவர்’ என்று அதில் ஒரு வாக்கியம் வரும். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் தவறில்லை.

மெயில் போன கொஞ்ச நேரத்தில் கம்ப்ளையன்ஸ் பார்க்கிற மேடம் வந்துவிட்டார். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் ஓர் ஆணை பிறப்பித்தது. சைபர் சம்பவம் ஒன்று கவனத்துக்கு வந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தங்களிடம் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று. “சார், உங்க மெயில் வந்த நேரத்துல இருந்து கணக்கு. ஃபார்ம்ல என்ன எழுதட்டும்? தாக்கினவங்க ஐபி சொல்லுங்க.” சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நம் பையன் அதை எட்டிப் பார்த்துவிட்டு, தன் மொபைலை அலுவலக வைஃபையில் போட்டு, ‘என் ஐபி என்ன’ என்று தேடி, திரையை மெதுவாக என் பக்கம் திருப்பினான். ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

மேடம் நல்லவர். ஃபார்மை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கிழித்துப் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சான்றிதழ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்குத்தான் வலிக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் டிஎல்எஸ் சான்றிதழ்களுக்கு 90 நாள் ஆயுள். அதைத் தானாகப் புதுப்பிக்க ஒரு கருவி இருக்கிறது. அது புதுப்பித்தும் விட்டது. டிஸ்க்கில் புதுக் கோப்பு. ஆனால் என்ஜின்எக்ஸ், தொடங்கும்போது நினைவில் ஏற்றிய பழைய சான்றிதழையே எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. அதை ரீலோட் செய்யச் சொல்லும் ஒரு வரியை நான் எழுதவில்லை. தீபாவளி காலையில் வாடிக்கையாளர் போன் செய்து, சைட்டைத் திறந்தால் சிவப்பாக எச்சரிக்கை வருகிறது என்றார். நான் கோப்பைப் பார்த்தேன், தேதி சரியாக இருந்தது. “சார், உங்க சிஸ்டத்துல தேதி தப்பா இருக்கும், செக் பண்ணுங்க” என்றேன். அவர் செக் பண்ணினார். தன் மனைவியின் மொபைலிலும், அடுத்த வீட்டுக்காரர் மொபைலிலும்கூடச் செக் பண்ணினார். அத்தனை பேர் தேதியும் தப்பு என்று நான் வாதாடியது இப்போது நினைவுக்கு வந்தால் தூக்கத்தில் புரண்டு படுக்கிறேன். காலாவதி வரப்போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த மெயில்களும் 2025 ஜூனோடு நின்றுபோயின. போதாக்குறைக்கு, பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளை 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகக் குறைக்கப் போகிறார்கள். எனக்கு வருடத்தில் இன்னும் நிறையத் தீபாவளிகள் வரும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நான் ஒரு காலத்தில் கொடுங்கோலன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் இருக்க வேண்டும். மாதாமாதம் முதல் தேதி மாற்ற வேண்டும். விதியைப் போட்டவனாயிற்றே, நானும் மாற்ற வேண்டும். தமிழ் மாதங்களை வரிசையாகப் போட்டு, நடுவில் ஒரு ‘@’ சேர்த்து, வருடத்தையும் ஒட்டினேன். ஆடி@2016, ஆவணி@2016. வெளிநாட்டு ஹேக்கருக்குத் தமிழ் மாதம் தெரியாது என்ற தைரியம். என் டீமில் எல்லோருக்கும் தெரியும் என்பது தோன்றவில்லை. தவிர, தமிழ் மாதம் ஆங்கில மாதத்தின் நடுவில்தான் பிறக்கிறது. பாஸ்வேர்டு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, ஆடி முடிந்ததா, ஆவணி பிறந்துவிட்டதா என்று தெரியாமல் என் கணக்கை நானே பூட்டியிருக்கிறேன். பாளையங்கோட்டைக்கு போன் போட்டு, “அம்மா, இது என்ன மாசம்?” என்று கேட்பேன். பையனுக்கு விரதம், நாள் கிழமையெல்லாம் நினைவுக்கு வர ஆரம்பித்துவிட்டது என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி மகிழ்ந்திருக்கிறாள்.

இந்த விதிகளின் பிறப்பிடம் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி. 2003இல் அங்கே அவற்றை எழுதிய பில் பர், 2017இல், தான் செய்ததில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகவே சொல்லிவிட்டார். அதே ஆண்டில் என்ஐஎஸ்டியும் காரணமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதீர்கள் என்று விதியைத் திருத்தியது. நான் திருத்த இன்னும் சில வருடங்கள் ஆயின. ஊரில் வீட்டு வைஃபைக்கு நான் வைத்த நீளமான பாஸ்வேர்டை அம்மா, “ஏல, இத எவன் ஞாபகம் வச்சுக்கிடுவான்?” என்று சொல்லி, தினக்காலண்டர் அட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதி ஹாலில் மாட்டிவிட்டாள். வங்கி விவரங்கள் மட்டும் ஒரு பழைய டைரியில், பீரோவுக்குள், புடவைகளுக்கு அடியில். யோசித்துப் பார்த்தால் எதை எங்கே வைக்க வேண்டும் என்பதில் அவளுக்கு இருக்கும் தெளிவு என் கொள்கை ஆவணத்தில் இல்லை. அவளைப் பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றுகிறேன் என்று ஒரு விடுமுறையில் கிளம்பி, என்னுடைய மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்து நின்றதைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. நான் கூட இருக்கும்போது மட்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, இந்த ஆள் கையில் இருக்கும் சர்வர்கள் எப்படி இன்னும் பிழைத்திருக்கின்றன என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியிருக்கிறது. விடை வெளியே சொல்லும்படியாக இல்லை.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் வந்தது. இணையத்தின் மறைகுறியீட்டு வேலையில் பெரும்பகுதியைச் சுமக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஓர் ஓட்டை. ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு, 64 கிலோபைட் அனுப்பியிருக்கிறேன், அவ்வளவையும் திருப்பிக் கொடு என்று கேட்டால், சர்வர் அளந்து பார்க்காமல் தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடப்பதையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும். அதில் பாஸ்வேர்டும் இருக்கலாம், ரகசியச் சாவியே இருக்கலாம். உலகமே அலறியது. எங்கள் சர்வர்களைப் பார்த்தேன். ஓட்டை 1.0.1 வரிசையில்தான். நாங்கள் சென்டோஎஸ் 5இல், 0.9.8லேயே குந்தியிருந்தோம். அப்டேட் செய்ய வேண்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால் தப்பித்தோம்.

2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பதிவேடு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜேவில் ஓர் ஓட்டை. ஒரு பதிவேட்டு வரியில் சரியான எழுத்துகளைச் சேர்த்து அனுப்பினால் சர்வரே வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டும். ஊரெல்லாம் 2.15 போட்டு, அது போதாமல் 2.16, பிறகு 2.17 என்று தூக்கமில்லாமல் கிடந்தது. ஓட்டை 2ஆம் வரிசையில். எங்கள் ஜாவா அப்ளிகேஷனில் இருந்தது 1.2, அதற்கான ஆதரவே 2015இல் முடிந்துவிட்டது.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் பின்வாசல். அதே ஆண்டு ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ரெக்ரஷன் ஓட்டை; 2006இல் அடைத்ததை 2020இல் யாரோ தெரியாமல் திறந்துவிட்டிருந்தார்கள், 8.5 முதல் 9.7 வரை பாதிப்பு. எங்களிடம் உபுண்டு 20.04. அதில் எக்ஸ்இசட் 5.2, ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2. இரண்டிலும் தப்பினோம்.

ஒருமுறை தப்பினால் அதிர்ஷ்டம் என்று அடக்கமாக இருந்திருப்பேன். திரும்பத் திரும்பத் தப்பியதும் அதற்கு ஒரு பெயர் வைத்தேன்: ‘நிதானமான வெர்ஷன் கொள்கை’. ஸ்லைடு போட்டு நிர்வாகத்துக்கு விளக்கினேன். கைதட்டினார்கள். அப்ரைசலில் ‘தொலைநோக்கு’ என்று ஒரு வார்த்தை வந்தது. ஒரு கிஃப்ட் வவுச்சரும் வந்தது. அதில் வாங்கிய மிக்சி இன்னும் நன்றாக ஓடுகிறது.

அந்த ஸ்லைடில் நான் போடாதவையும் உண்டு. 2014 செப்டம்பரில் வந்த ஷெல்ஷாக், பேஷ் ஷெல்லில் 1989 முதல் இருந்த ஓட்டை. 2021 ஜனவரியில் சூடோவில் கண்டுபிடித்தது 2011 ஜூலையிலிருந்து இருந்தது. அங்கெல்லாம் பழசு காப்பாற்றவில்லை. மற்றவர்களைப் போல ராத்திரி முழுக்க உட்கார்ந்துதான் அடைத்தேன். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸையும் சொல்லவில்லை. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வந்துவிட்டது. அவர்கள் ஒரு சர்வரில் அதைப் போடாமல் விட்டார்கள். மே மாதம் நுழைந்தவர்களை ஜூலை கடைசியில்தான் பார்த்தார்கள். ஏறக்குறைய 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியில் சான்றிதழ் காலாவதியாகி, அது பல மாதங்களாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாம். அதைப் படித்தபோது எனக்கு அந்தத் தீபாவளி நினைவு வந்தது. பக்கத்தை வேகமாகக் கடந்துவிட்டேன்.

எக்ஸ்இசட் விஷயம்தான் என்னை உள்ளுக்குள் கொஞ்சம் கிழித்தது. சோர்ந்துபோயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளருக்கு உதவுவதாக ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒரு ஆள் வந்து, வருடக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, 5.6.0இல் பின்வாசல் ஒன்றை வைத்துவிட்டார். கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் பாதுகாப்பு நிபுணர்கூட இல்லை. மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரஸ் வேலை பார்ப்பவர். எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைப் பார்த்து, ஏன் என்று தோண்டிக்கொண்டே போயிருக்கிறார். அரை விநாடி! எங்கள் சர்வர் எட்டு விநாடி யோசித்தாலே நான் “நெட் ஸ்லோ” என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போகிறவன்.

ஓப்பன் சோர்ஸ் ஏன் பாதுகாப்பானது என்று வாடிக்கையாளர்களுக்கு விளக்குவதும் என் வேலை. மூலநிரல் திறந்தே கிடக்கிறது, உலகமே படிக்கிறது, தப்பு இருந்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்பேன். ஹார்ட்பிளீட் சமயத்தில் ஒரு வாடிக்கையாளர், கோவைப் பக்கத்து மில்காரர், பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏனுங்க, நீங்க படிச்சீங்களா?” என்றார். அந்த ஓட்டை 2011 டிசம்பர் 31 அன்று நிரலுக்குள் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் எல்லோர் கண் முன்னாலும் கிடந்திருந்தது. ராஜா அண்டாவில் ஆளுக்கு ஒரு சொம்பு பால் ஊற்றச் சொன்னால், எல்லோரும் மற்றவன் பால் ஊற்றுவான் என்று தண்ணீரை ஊற்றிவிட்டுப் போன கதைதான். ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு அதுவரை ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரம் உழைத்தவர் ஒருவர். அந்த 2,000த்தில் என் கம்பெனியின் பணம் ஒரு பைசாகூட இல்லை. “முழுசாப் படிக்கல சார்” என்றேன். ஒரு வரிகூடப் படித்ததில்லை.

அதற்கப்புறம் படித்தேனா என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தேன். லைசென்ஸ் பகுதி வரை தெளிவாகப் புரிந்தது.

உபுண்டு 20.04க்கான பொது ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. இப்போது சீனியர் ஆகிவிட்ட அந்தப் பையன் எப்போது மாற்றலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். “பொங்கல் கழியட்டும்” என்றேன். “போன தடவையும் பொங்கல்னுதான் அண்ணா சொன்னீங்க.” சரி, நம் நிதானமான வெர்ஷன் கொள்கையைப் புதுசாகச் சேர்ந்தவர்களுக்கு நீயே ஒரு வகுப்பு எடு, அப்போதுதான் உனக்கு அதன் அருமை புரியும் என்று அவனிடம் தள்ளிவிட்டேன். என் பழைய ஸ்லைடுகளையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு, கடைசியில் ஒன்றே ஒன்றைச் சேர்த்திருந்தான். ஆதரவு முடிந்த பிறகு வெளிவந்த, நாங்கள் இன்னும் அடைக்காத ஓட்டைகளின் பட்டியல். வகுப்புக்கு முன்னால் என்னிடம் காட்டினான்.

எழுத்து ரொம்பச் சின்னதாக இருக்கிறதே, பின்வரிசைக்குத் தெரியாது, கொஞ்சம் பெரிசாக்கு என்றேன்.

“பெருசாக்கினா ஒரு ஸ்லைடுல அடங்காது அண்ணா” என்றான்.